படலையிற் காவல்

வீட்டுக்கு ஒரு புதுப்பொருள் வந்தால் அதனோடு ஒரு புதுக்கவலையும் கூடவே வந்து சேரும் என்று எமது அன்னையார் அடிக்கடி கூறுவார். குளிர்சாதனப்பெட்டி வந்த நாளில் மின்கட்டணக் கவலை வந்தது. கைத்தொலைபேசி வந்த நாளிற் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை வந்தது. அவை பணத்தோடும் பரீட்சையோடும் அடங்குகின்ற கவலைகள். சென்ற மாதம் எமது காருக்கு ஓர் அம்பிளிபயர் வந்தது. அதனாற் பிறந்த கவலையோ உயிரோடு விளையாடப் பார்த்தது. பிழையிற் பெரும்பங்கு எம்முடையதே யாதலின், நடந்ததை ஒளிவுமறைவின்றி வாசகர்களுக்குக் கூறிவிடுதல் எமது கடமை என்று கருதுகின்றோம்.

எம்மிடம் இருப்பது பதினேழு வயது நிரம்பிய ஒரு சிறிய கார். ஆசிரியச் சம்பளத்திற் புதிய காரைக் கனவிலேதான் ஓட்டலாம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எம்மைப் போன்றோர் பலரும் உள்ளதைப் பேணி ஓட்டப் பழகிக்கொண்டோம். 2025 இல் அத்தடை நீங்கிய பின்னரும் அப்பழக்கம் எம்மை விட்டு நீங்கவில்லை. பழைய காருக்குப் புதிய ஆசனவுறை, புதிய விளக்கு, புதிய பாட்டுப்பெட்டி என்று ஏதாவதொன்றைச் செய்துகொண்டிருப்பதில் ஒரு திருப்தி இருக்கின்றது.

எமது தமக்கையாரின் மகன், அதாவது எமது மருமகன், தொழினுட்பக் கல்லூரியிற் பயில்கின்றான். கைத்திறன் உள்ள பிள்ளை. அவன் ஒருநாள் கடதாசிப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு எமது வீட்டுக்கு வந்தான். உள்ளே இருந்தது நான்கு ஒலிபெருக்கிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 50 உவாற்று வீதம் 200 உவாற்று வழங்கவல்ல அம்பிளிபயர். பாடநூல்கள் இதனை விரியலாக்கி என்று வழங்கும். கடைத்தெருவில் அப்பெயரைச் சொன்னால் எவரும் எடுத்துத் தரமாட்டார்.

"மாமா, அம்மம்மாவுக்குக் காது மந்தம். கார் ஓடேக்க தேவாரம் கேக்கேல்லை எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுறா. இதைப் பூட்டினா நல்லாக் கேக்கும்," என்றான்.

அன்னையாரின் பெயரைச் சொன்னபின் நாம் மறுத்துப் பேசுவது எவ்வாறு? அவன் கூறியதிற் பௌதிகவியல் உண்மையும் இருந்தது. காரின் மின்கலவடுக்கு தருவது 12 உவோற்று. அவ்வளவு அழுத்தத்தைக் கொண்டு, 4 ஓம் தடையுள்ள ஓர் ஒலிபெருக்கிக்குக் கரகரப்பின்றி வழங்கக்கூடியது ஏறக்குறைய 20 உவாற்றுத்தான். பெட்டியின் முகப்பில் எத்தனை பெரிய எண் பொறித்திருந்தாலும் நிலைமை இதுவே. அதற்குமேல் ஒலியைக் கூட்டினாற் பாட்டுச் சிதையுமேயன்றித் தெளியாது. தனியான அம்பிளிபயரோ 12 உவோற்றைத் தன்னுள்ளேயே உயர்ந்த அழுத்தமாக மாற்றிக்கொள்கின்றது. அதனாற்றான் அதன் ஒலி பெருகினும் தெளிவு கெடுவதில்லை.

இந்த ஆசை இன்று நேற்றுத் தோன்றியதுமன்று. 1930 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கால்வின் சகோதரர்கள் காருக்கான வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்து, மோட்டார் என்னும் சொல்லை முன்வைத்து மோட்டரோலா என்று அதற்குப் பெயரிட்டனர். ஓடும் காரிற் பாட்டுக் கேட்கும் ஆசைக்கு நூறு வயது நெருங்குகின்றது. அந்த ஆசைக்கு வேண்டிய மின்சாரமும் ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டே வந்திருக்கின்றது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், முற்றத்து மாமரத்தடியில் வேலை தொடங்கியது. மருமகன் வேலை செய்ய, நாம் கைவிளக்குப் பிடித்தோம். அம்பிளிபயர் முன்னாசனத்தின் கீழ் அமர்ந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கப் பற்றரியின் நேர்முனையிலிருந்து நேராக ஒரு வயர் இழுக்கவேண்டும். வீட்டுக்கு மின்னிணைப்பு வேலை செய்தபோது எஞ்சிய வயர்ச்சுருள் ஒன்று எமது பரணிற் கிடந்தது. 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பு. வீண்செலவு எதற்கு என்று அதனை எடுத்துக் கொடுத்தவர் நாமே.

எஞ்சினுக்கும் ஆசனப்பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் அவன் ஒரு துளையிட்டு வயரை நுழைத்தான். துளையின் விளிம்பு கத்திபோல் இருந்ததைக் கைவிளக்கின் ஒளியில் நாம் கண்டோம். கண்டும் பேசாதிருந்தோம். வயரைப் பற்றரியிற் பூட்டும் வேளையில் மட்டும், "தம்பி, இவ்விடத்தில் உருகி ஒன்று போடவேண்டாமா?" என்று கேட்டோம்.

"அம்பிளிபயரிலேயே 15 அம்பியர் பியூஸ் ரெண்டு கிடக்கு மாமா. பிறகேன் இன்னொண்டு?"

"சரி, சரி," என்றோம். மறுநாட் காலை பயணம். கடைக்குச் சென்றுவரச் சோம்பல். இருபது ஆண்டுகளாக ஓமின் விதியைக் கற்பித்துவரும் ஓர் ஆசிரியரின் "சரி, சரி" அது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம்.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு திருக்கேதீச்சரத்துக்குப் புறப்பட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியே மன்னார் வீதியிற் கார் ஓடியது. பின்னாசனத்தில் எமது இல்லாளுக்கும் எட்டு வயது மகளுக்கும் நடுவே அன்னையார் அமர்ந்திருந்தார். தேவாரம் தெளிவாகக் கேட்டது. அன்னையார் உடன் சேர்ந்து மெல்லப் பாடியபடி வந்தார். மருமகன் எம்மைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்கு அவன் உரியவனே என்று அப்போது எண்ணினோம்.

மாலைப் பூசை கண்டு திரும்பும்போது இருட்டிவிட்டது. இருபுறமும் காடும் வெளியுமாக, ஒரு வீட்டு விளக்கும் கண்ணிற் படாத இடம். திடீரெனப் பாட்டு நின்றது. தலைவிளக்குகள் ஒருமுறை மங்கிப் பின் ஒளிர்ந்தன. அடுத்த கணம் றப்பர் எரியும் நாற்றம் எழுந்தது. காரை ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தோம். ஆயினும் எமது கால்களுக்கு முன்னேயிருந்து புகை வந்துகொண்டேயிருந்தது. சாவியைத் திருப்பியும் புகை நிற்காதது கண்டே உண்மை விளங்கியது. அந்த வயர் சாவிக்குக் கட்டுப்பட்டதன்று. அது பற்றரியிலிருந்து நேரே வருவது. பற்றரியைக் கழற்றும்வரை அதனை அணைக்க ஒரு வழியும் இல்லை.

மருமகன் பாய்ந்து சென்று முன்மூடியைத் திறந்தான். மகளை இல்லாள் இழுத்து இறக்கினார். அன்னையாருக்கு முழங்கால் வருத்தம். இருவர் கைகொடுத்தாலன்றிக் காரைவிட்டு இறங்க அவரால் இயலாது. ஒரு காலை வெளியே வைத்து, மறுகாலை எடுப்பதற்கு, ஆசனத்தைப் பற்றி, எமது தோளைப் பற்றி, அவர் எழுந்து நின்ற அந்த நேரம் எவ்வளவு என்று எம்மாற் சொல்லமுடியாது. அரை நிமிடமாகவும் இருக்கலாம். அந்த அரை நிமிடத்திற் புகை அவருடைய சேலைத்தலைப்பு வரை வந்துவிட்டது.

மருமகனின் காற்சட்டைப் பையில் 10 ஆம் இலக்கத் திறப்பு இருந்தது முன்னைய நாள் வேலையின் மிச்சம். அதுவே எம்மைக் காத்தது. அவன் மறைமுனையைக் கழற்றினான். புகை நின்றது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, தகட்டுத் துளையின் விளிம்பில் வயரின் உறை அறுந்து, செம்பு தெரிந்து, அதன் இருபுறமும் உறை உருகி வழிந்திருந்தது. அவ்விடத்துக்கு ஒரு சாண் தூரத்திற் பெற்றோற் குழாய் சென்றது. நாம் ஒருவரோடொருவர் பேசவில்லை. பழுதான வயரைப் பற்றரிப் பக்கம் வெட்டி நீக்கி, மறைமுனையை மீண்டும் பூட்டி, பாட்டின்றி மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் நகரத்திலே காருக்கு மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். பள்ளிப்படிப்புக் குறைவு, அனுபவம் நிறைவு. வயரைக் கையிலே திருப்பிப் பார்த்தபின், "பியூஸ் எங்க மாஸ்ரர்?" என்று கேட்டார். அம்பிளிபயரில் உண்டு என்றோம்.

"வீட்டுக்கு நாய் கட்டுறது படலையிலயா, அடுப்படியிலயா?" என்றார் அவர்.

இந்த ஒரு கேள்வியில் நாம் ஓர் ஆண்டு முழுவதும் கற்பிக்கும் பாடம் அடங்கியிருந்தது. உருகி காப்பது கருவியை என்றே பலரும் எண்ணுகின்றனர். காரிலே அதன் முதல் வேலை வயரைக் காப்பது. அம்பிளிபயரிலுள்ள உருகி, தன்னைக் கடந்து உள்ளே செல்லும் மின்னோட்டத்தை மட்டுமே அறியும். வயர் நடுவழியிற் காரின் உடலைத் தொட்டால் மின்னோட்டம் அவ்வுருகியை எட்டிப்பார்ப்பதேயில்லை. தொட்ட இடத்தாலேயே பற்றரிக்குத் திரும்பிவிடும். ஆகவே உருகியின் இடம் பற்றரியின் அருகு. நேர்முனையிலிருந்து வயர்வழியே 45 சென்ரிமீற்றருக்குள் அது இருக்கவேண்டும் என்பது இத்தொழிலாளர் கைக்கொள்ளும் விதி. முனைக்கும் உருகிக்கும் இடையிலுள்ள துண்டு ஒன்றே காவலற்றது; அது எவ்வளவு குறுகுகின்றதோ அவ்வளவு நன்று.

வீட்டுக்கு வந்து, மாணவர்க்குச் செய்துகாட்டுவதுபோல் கணக்கிட்டுப் பார்த்தோம். எமது அம்பிளிபயர் முழுவலுவில் இயங்கினால், வெப்பமாகப் போவதையும் சேர்த்து, ஏறக்குறைய 30 அம்பியரை இழுக்கும். 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு வயரில் 5 மீற்றரின் தடை 0.034 ஓம். ஆகவே வழியிலேயே 1 உவோற்று அழிகின்றது; 30 உவாற்று வயரைச் சூடாக்குகின்றது. இது வயர் பழுதுபடாத வேளையிற் கணக்கு. செம்பு காரின் உடலை நன்கு தொட்டுவிட்டாலோ, எஞ்சியிருக்கும் வயரின் தடையும் பற்றரியின் உட்டடையும் மிகச் சிறியனவாதலால், பல நூறு அம்பியர் பாயும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. காரின் அதிர்வினால் அந்த வயர் தொட்டும் விலகியும் நின்றதாலேயே அன்றிரவு புகையோடு தப்பினோம்.

பெரியவர் வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்தார். அவர் செய்தவற்றை, இத்தகைய வேலையில் இறங்க எண்ணும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்பதனால், வரிசையாகத் தருகின்றோம்.

எந்த வேலைக்கும் முன்னர்ப் பற்றரியின் மறைமுனையைக் கழற்றினார். நேர்முனையை முதலிற் கழற்றினால், திறப்புத் தவறிக் காரின் உடலிற் பட்டவுடனே பெரும் பொறி பறக்கும். மறைமுனை முன்னரே உடலோடு இணைந்திருப்பதால் அந்த அபாயம் அதற்கு இல்லை. அடுத்து 8 சதுர மில்லிமீற்றர் வயரை எடுத்தார். அதில் இழப்பு 0.3 உவோற்று அளவே; வெப்பமும் 10 உவாற்றுக்குட்பட்டது. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 40 அம்பியர் உருகியைப் பொருத்தினார். உருகியின் அளவு வயர் தாங்கும் அளவை ஒருபோதும் மிஞ்சலாகாது. அடிக்கடி உருகுகின்றதே என்று பெரிய உருகியை இடுவது, குரைக்கின்றதே என்று நாயை அவிழ்த்துத் துரத்துவதற்கு ஒப்பாகும். தகட்டுத் துளையின் விளிம்பை அராவி, றப்பர் வளையம் இட்டு, வயருக்கு மேலுறையும் அணிவித்தார். அதற்குக் கொடுத்த விலை ஒரு தேநீரின் விலையிலும் பெரிதன்று.

அம்பிளிபயரின் மறைவயரை ஆசனத்தின் கீழேயே, வண்ணப்பூச்சைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த இடத்தில், நேர்வயரின் தடிப்பே உள்ள குறுகிய வயரால் உடலோடு இறுக்கினார். பாட்டுப்பெட்டியின் பின்புறத்து வயர்களிற் பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் மின்சாரமுள்ளது, சிவப்பு சாவியைத் திருப்பினால் மின்சாரம் பெறுவது, கறுப்பு மறை, வெண்கோடிட்ட நீலம் அம்பிளிபயரை எழுப்புவதும் உறங்கவைப்பதும். அந்நீலவயரை இணையாமல், எப்போதும் மின்சாரமுள்ள வயரோடு இணைத்துவிட்டால், அம்பிளிபயர் இரவு முழுதும் விழித்திருந்து பற்றரியைக் குடித்துவிடும். பாட்டினைக் கொண்டுசெல்லும் வயர்களைக் காரின் மறுபக்கத்தால் இழுத்தார். மின்வயரோடு அவை சேர்ந்து ஓடினாலும், மறையிணைப்புச் சரியில்லாவிடினும், எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஒரு சீழ்க்கையொலி தேவாரத்தோடு கலந்து கேட்கும். காற்றுப்பைகளுள்ள கார்களில் மஞ்சள் உறையணிந்த வயர்க்கட்டுகளைத் தொடவே கூடாது என்றும் எச்சரித்தார். அவை பெரும்பாலும் அப்பைகளுக்கு உரியவை.

பழைய பிரித்தானியக் கார்களை இன்றும் அன்போடு வைத்திருக்கும் வாசகர்கள் எமது பகுதிகளிற் பலர். அவர்களுக்கு ஒரு தனிவார்த்தை. 1960 களின் நடுப்பகுதிவரை வெளிவந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்றவற்றிற் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கருவியை வழக்கம்போல் அதிற் பூட்டினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். முனைகள் பின்னர் மாற்றப்பட்டுள்ளனவா என்பதைப் பார்த்தே தொடங்குக. இன்னும், அத்தகைய கார்கள் பலவற்றிலுள்ள லூக்காஸ் சி40 டைனமோவின் முழுவலுவே 22 அம்பியர்தான். 30 அம்பியர் கேட்கும் கருவியை அது எவ்வாறு தாங்கும்? அவ்வண்டிக்குச் சிறிய பாட்டே அழகு.

வேலை முடிந்த அன்று மாலை அன்னையாரைக் காரில் ஏற்றிக் கோயிலுக்குச் சென்றோம். அவர் ஏற மறுப்பார் என்று அஞ்சினோம், மறுக்கவில்லை. வழியில் அவர் பழங்கதை ஒன்றை எடுத்தார். 1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் பற்றரி கிடைப்பதும் அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்போம். அப்போது நாம் பள்ளிச்சிறுவர். சுற்றுவது எமது வேலை.

"நீ களைச்சுப்போனா செய்தியும் நிண்டுபோகும்," என்று அன்னையார் சிரித்தார்.

அந்த டைனமோ 6 உவோற்றில் 3 உவாற்றுத் தருவது, அரை அம்பியர். மயிரிழை போன்ற வயரையும் அது சுட்டதில்லை. அளவு மீறினால் நிறுத்துவதற்கு அங்கே எமது கை இருந்தது. சிறுவன் ஒருவனின் களைப்பே அன்று உருகியாக நின்றது. பற்றரிக்குக் களைப்புத் தெரியாது. கேட்டவுடன் உள்ளதெல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொடுக்கும். ஆகையினாலேயே அதன் வாயிலில் ஒரு காவல் வேண்டும். காவல் வேண்டும் என்று அறிந்திருந்தும், கடைக்குப் போகச் சோம்பி "சரி, சரி" என்றவர் நாம்.

மருமகன் இப்போதும் அந்த இரவைப் பற்றித் தன்னையே நொந்துகொள்கின்றான். அவன் அறியாமற் செய்தது பிழை. நாம் அறிந்தும் தடுக்காதது குற்றம் என்று அவனிடம் சொல்லியிருக்கின்றோம். எமது வகுப்பில் இவ்வாண்டு மின்னோட்டத்தின் வெப்பவிளைவைக் கற்பித்தபோது, எரிந்த அந்த வயர்த்துண்டை மேசைமேல் வைத்து, அதனைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொன்னோம். மாணவர்கள் முதலிற் சிரித்தார்கள். அன்னையார் காரை விட்டு இறங்கிய அந்த அரை நிமிடத்தைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

வாசகர்களே, உங்கள் காரிலும் பின்னர்ப் பூட்டிய பாட்டுக்கருவி ஏதேனும் இருப்பின், இன்று ஞாயிற்றுக்கிழமை, முன்மூடியைத் திறந்து பற்றரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் வயர்களைக் கண்ணாற் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் உருகி தென்பட்டால் மூடிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லலாம். தென்படாவிட்டால், அது பொருத்தப்படும்வரை அந்த வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டொரு நாள் பாட்டில்லாமற் போனாற் குறைவொன்றுமில்லை.